ஊர்தித் திருட்டுக் காப்பீட்டுக் கோரிக்கை

ஊர்தித் திருட்டுக் காப்பீட்டுக் கோரிக்கை என்பது, காப்பீடு செய்யப்பட்ட தானுந்து, இருசக்கர ஊர்தி முதலியன திருடப்படும்பொழுது, அவற்றின் உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு முன்வைக்கும் கோரிக்கை ஆகும். திருட்டுப்போன ஊர்தி பின்னர் மீட்கப்பட்டால் இக்கோரிக்கையின் தன்மை மாறிவிடுகிறது. ஊர்தி எப்பொழுது கிடைத்தது, எந்நிலையில் கிடைத்தது என்னும் இரண்டு கேள்விகளே, உரிமையாளருக்கு ஊர்தி திரும்பக் கிடைக்குமா அல்லது பணம் கிடைக்குமா, கிடைக்கும் பணம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கின்றன. இழப்பீடு வழங்கப்படுவதற்கு முன் கிடைத்த ஊர்தி உரிமையாளருடையது. வழங்கி முடித்த பின் கிடைத்த ஊர்தி காப்பீட்டு நிறுவனத்தினுடையது என்பதே இதன் அடிப்படை விதி எனலாம்.

இக்கட்டுரை இந்தியாவில் நடைமுறையில் உள்ள சட்டங்களையும் வழக்கங்களையும் அடிப்படையாகக் கொண்டது.

காப்பீட்டு வகைகள்

இந்தியாவில் மோட்டார் ஊர்திக் காப்பீடு இரண்டு பகுதிகளைக் கொண்டது.

* மூன்றாம் தரப்புக் காப்பீடு: ஊர்தியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. மோட்டார் ஊர்திகள் சட்டம், 1988 இன் 146 ஆம் பிரிவின்படி இது கட்டாயமானது.
* சொந்தச் சேதக் காப்பீடு: தீ, திருட்டு, விபத்து, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் ஊர்திக்கே ஏற்படும் இழப்புக்கானது. இது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இவ்விரண்டும் சேர்ந்த காப்பீடு முழுமைக் காப்பீடு எனப்படுகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள ஊர்தி திருடப்பட்டால் உரிமையாளருக்கு இழப்பீடு எதுவும் கிடைக்காது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுடன் தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் பாதுகாப்புப் பெறும் முறையும் உண்டு.

இங்கு ஒரு குழப்பம் பரவலாகக் காணப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய தானுந்துகளுக்கு 3 ஆண்டுகளுக்கும், புதிய இருசக்கர ஊர்திகளுக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு ஒரே முறையில் வழங்கப்படுகிறது. ஆனால் அதனுடன் பெறப்படும் சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறெனில், முதலாண்டு முடிந்ததும் அதைத் தனியே புதுப்பிக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் 3 ஆண்டு என அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் பார்த்து, திருட்டுக்கும் பாதுகாப்பு உள்ளது என்று எண்ணியிருக்கும் குடும்பங்கள், ஊர்தி காணாமற்போன பின்னரே உண்மையை அறிகின்றன.

ஊர்தியுடன் காணாமற்போன மடிக்கணினி, நகை, உடை போன்ற தனிப்பட்ட பொருட்கள் மோட்டார் காப்பீட்டில் அடங்கா. ஊர்தியும் அதன் துணைக்கருவிகளும் மட்டுமே அடங்கும்.

திருட்டு என்பதன் வரையறை

ஒருவருடைய உடைமையில் உள்ள அசையும் பொருளை, அவருடைய ஒப்புதல் இன்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் அகற்றுவது திருட்டு ஆகும். முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378 ஆம் பிரிவில் இருந்த இவ்வரையறை, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 303 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

இவ்வரையறைக்குக் காப்பீட்டில் முதன்மையான இடம் உண்டு. நண்பருக்கோ வாடகைக்கோ கொடுத்த ஊர்தியை அவர் திருப்பித் தரவில்லை என்றால், அது நம்பிக்கை மோசடி அல்லது ஏமாற்றுதல் என்னும் குற்றமாகக் கருதப்படலாம். ஒப்புதலுடன் கொடுக்கப்பட்ட ஊர்தி என்பதால் திருட்டு நிகழவில்லை என்று நிறுவனங்கள் வாதிடுவது வழக்கம். எனவே காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் நடந்தது என்ன என்பது தெளிவாகவும் உண்மையாகவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காப்பீட்டு மதிப்பு

திருட்டின்போது நிறுவனம் வழங்கக்கூடிய மிகக்கூடிய தொகை, பத்திரத்தில் குறிக்கப்பட்ட அறிவிக்கப்பட்ட மதிப்பு ஆகும். இது ஐ.டி.வி. என்று சுருக்கமாக வழங்கப்படுகிறது. உற்பத்தியாளர் அறிவித்த அதே வகை ஊர்தியின் விற்பனை விலையிலிருந்து, ஊர்தியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து இம்மதிப்பு கணக்கிடப்படுகிறது. 2002 இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் தரப்பட்ட அளவுகள் வருமாறு:

* 6 மாதம் வரை - 5%
* 6 மாதத்துக்கு மேல் 1 ஆண்டு வரை - 15%
* 1 ஆண்டுக்கு மேல் 2 ஆண்டு வரை - 20%
* 2 ஆண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை - 30%
* 3 ஆண்டுக்கு மேல் 4 ஆண்டு வரை - 40%
* 4 ஆண்டுக்கு மேல் 5 ஆண்டு வரை - 50%

ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட ஊர்திகளுக்கு உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்யும் மதிப்பே எடுத்துக்கொள்ளப்படும். காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் பொருட்டு இம்மதிப்பைக் குறைத்துக் காட்டுவோர், திருட்டு நிகழ்ந்தால் அக்குறைந்த தொகையையே பெறுவர். விலைச்சீட்டில் உள்ள முழு விலையையும் ஈடுசெய்யும் கூடுதல் பாதுகாப்பைத் தனிக்கட்டணம் செலுத்திப் பெறலாம்.

கோரிக்கை நடைமுறை

காவல் துறையில் புகார்

ஊர்தி திருடப்பட்டது தெரிந்தவுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதே முதற்படி ஆகும். வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளுள் ஒன்று, திருட்டு நிகழ்ந்தால் காவல் துறைக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்பதாகும். அறிக்கையின் படி ஒன்று புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 173 ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் அதில் கையொப்பமிட வேண்டும். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் முறையிடலாம்; அதன் பின்னும் பயன் இல்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

முதல் தகவல் அறிக்கையில் பதிவாகும் நாளும் நேரமும் பிற வகையிலும் உரிமையாளரைக் காக்கின்றன. திருடப்பட்ட ஊர்தி பின்னர் விபத்திலோ வேறு குற்றச் செயலிலோ ஈடுபடுத்தப்பட்டால், அவ்வேளையில் ஊர்தி தம்மிடம் இல்லை என்பதற்கு இந்த அறிக்கையே சான்றாகும். இதே காரணத்துக்காக, சுங்கச்சாவடிகளில் பயன்படும் பாசுடேக் கணக்கையும் உடனே முடக்கச் செய்வது நல்லது.

நிறுவனத்துக்கும் பிறருக்கும் தெரிவித்தல்

காவல் துறைக்கு அடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கோரிக்கை எண் பெற வேண்டும். ஊர்தி கடனில் வாங்கப்பட்டிருந்தால் கடன் கொடுத்த வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ஊர்தி காணாமற்போனாலும் கடன் தவணை நிற்பதில்லை. இழப்பீட்டுத் தொகையில் வங்கிக்குச் சேர வேண்டிய நிலுவை முதலில் செலுத்தப்பட்டு, எஞ்சியதே உரிமையாளருக்கு வழங்கப்படும். கடன் நிலுவை இழப்பீட்டை விடக் கூடுதலாக இருந்தால், இல்லாத ஊர்திக்குக் குடும்பம் தொடர்ந்து தவணை செலுத்த நேரிடும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்தால், ஊர்தி வேறொருவர் பெயருக்கு மாற்றப்படுவதைத் தடுக்க இயலும்.

ஆவணங்கள்

நிறுவனங்கள் பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள்:

* நிரப்பிக் கையொப்பமிட்ட கோரிக்கைப் படிவம்
* காப்பீட்டுப் பத்திரம்
* பதிவுச் சான்றிதழ்
* முதல் தகவல் அறிக்கை
* ஊர்தியின் எல்லாச் சாவிகளும் (வழக்கமாக இரண்டு)
* கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் காவல் துறையின் இறுதி அறிக்கை
* கடன் இருப்பின் வங்கியின் கடிதம்
* உரிமை மாற்றத்துக்கான 28, 29, 30 ஆகிய எண்களைக் கொண்ட படிவங்கள்
* உரிமைப் பதிலீட்டுக் கடிதம்

சாவிகளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது சாவி இல்லையெனில், ஊர்தி சாவியுடன் விட்டுச்செல்லப்பட்டதோ, உரிமையாளருக்குத் தெரிந்தே கைமாறியதோ என்ற ஐயம் எழும். சாவி முன்னரே தொலைந்திருந்தால் அதை மறைக்காமல் கூறி, புதுச் சாவி வாங்கிய சான்றைத் தருவதே முறை.

புலனாய்வும் காத்திருப்பும்

திருட்டுக் கோரிக்கைகளில் நிறுவனம் தன் சார்பில் புலனாய்வாளர் ஒருவரை அமர்த்துவது வழக்கம். அவர் திருட்டு நடந்த இடத்தைப் பார்த்து, குடும்பத்தினரிடமும் அண்டை வீட்டாரிடமும் விசாரித்து அறிக்கை தருவார். காவல் துறை ஊர்தியைத் தேடிக் கிடைக்காதபோது, கண்டுபிடிக்க இயலவில்லை என்று நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்யும். இவ்வறிக்கை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். ஊர்தி மீட்கப்படும் வாய்ப்பு இக்காலத்திலேயே மிகுதி என்பதால், கோரிக்கையின் போக்கு மாறுவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே ஆகும்.

ஊர்தி மீட்கப்படும் நிலைகள்

இழப்பீடு வழங்கப்படும் முன்

நிறுவனம் பணம் வழங்குவதற்கு முன்பே ஊர்தி கிடைத்துவிட்டால், முழு இழப்பு என்னும் அடிப்படை நீங்கிவிடுகிறது. ஊர்தி உரிமையாளருடையதாகவே இருக்கும். திருட்டின்போது ஏற்பட்ட சேதத்துக்கும் காணாமற்போன உறுப்புகளுக்கும் மட்டும் இழப்பீடு கேட்கலாம். அதாவது, திருட்டுக் கோரிக்கை சேதக் கோரிக்கையாக மாறுகிறது.

இருசக்கர ஊர்திகளுக்கான வழக்கமான பத்திரத்தில், துணைக்கருவிகள் மட்டும் திருடப்பட்டால் இழப்பீடு இல்லை. ஊர்தியும் சேர்ந்து திருடப்பட்டால் உண்டு என்று கூறப்பட்டுள்ளது. எனவே மீட்கப்பட்ட வண்டியில் இல்லாத துணைக்கருவிகளுக்கும் உரிமையாளர் இழப்பீடு கோர இயலும்.

பழுது பார்க்கும் செலவு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டால், அது ஆக்கமுறை முழு இழப்பு எனக் கருதப்படும். அப்பொழுது, ஊர்தி கையில் இருந்தும் முழு இழப்பாகவே தீர்வு செய்யப்படும். சிதைந்த ஊர்தியை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். அல்லது அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு உரிமையாளரிடமே விட்டுவிடலாம்.

ஊர்தி சேதமின்றிக் கிடைத்து, கோரிக்கை திரும்பப் பெறப்பட்டால், கோரிக்கையின்மைக்கான ஊக்கத் தள்ளுபடி காக்கப்படும். ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாதவருக்கு இத்தள்ளுபடி 50 விழுக்காடு வரை இருக்கும். ஆகவே சேதம் சிறிதாயின், கோரும் தொகையையும் இழக்கப்போகும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

ஒப்புதலுக்குப் பின், பணம் வழங்கப்படும் முன்

தகராறுகள் மிகுதியாக எழும் நிலை இதுவே. கோரிக்கை ஏற்கப்பட்டு, படிவங்களில் கையொப்பம் பெறப்பட்டு, பணம் மட்டும் வராத வேளையில் ஊர்தி கிடைக்கலாம். பணம் வழங்கப்படாத வரை உரிமை மாறவில்லை என்பதால், சேதக் கோரிக்கையாக மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனம் கேட்பது வழக்கம். மாதக்கணக்கில் காலம் தாழ்த்தியதே நிறுவனம்தான் என்றால், அத்தாமதத்தைச் சேவைக் குறைபாடாகக் காட்டி உரிமையாளர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இத்தகைய வழக்குகளில் நாட்களே சான்று. ஆகவே ஒவ்வோர் ஆவணமும் எந்நாளில் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒப்புகை பெற்று வைத்திருக்க வேண்டும்.

இழப்பீடு வழங்கப்பட்ட பின்

முழு மதிப்பையும் வழங்கிய நிறுவனம், ஊர்தியின் மீது உரிமையாளருக்கு இருந்த உரிமைகளை அடைகிறது. இது உரிமைப் பதிலீடு எனப்படும். இழப்புக்கு ஈடு செய்வதே காப்பீடு. அதன் வழியாக ஒருவர் ஆதாயம் அடையக்கூடாது என்ற கொள்கையிலிருந்து இது பிறக்கிறது. பணத்தையும் ஊர்தியையும் ஒருவரே வைத்துக்கொள்ள இயலாது. பின்னர் ஊர்தி கிடைத்தால் நிறுவனமே அதைப் பெற்று ஏலத்தில் விற்கும்.

காவல் துறையின் பதிவுகளில் பழைய உரிமையாளரின் பெயரே இருப்பதால், ஊர்தி கிடைத்த செய்தி முதலில் அவருக்கே வந்து சேரும். அவர் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் ஊர்தியைப் பெற்றுக்கொள்வது மோசடி ஆகும். குடும்பத்தின் முதல் வண்டி என்பது போன்ற பற்றுதலால் ஊர்தியைத் திரும்பப் பெற விரும்புவோர், பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்தோ, வேறு விலை பேசியோ பெற்றுக்கொள்ள நிறுவனத்தைக் கேட்கலாம். ஆனால் அதற்கு ஒப்புவதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம்.

எடுத்துக்காட்டு

உற்பத்தியாளரின் விலை 8,00,000 ரூபாய் உள்ள ஒரு தானுந்தை எடுத்துக்கொள்வோம். காப்பீடு தொடங்கிய நாளில் அதன் வயது இரண்டு ஆண்டுகளைக் கடந்திருந்தது. மூன்றாவது ஆண்டு முடியும் முன் அது திருடப்பட்டது. 30% தேய்மானம் போக அறிவிக்கப்பட்ட மதிப்பு 5,60,000 ரூபாய். அதில் 75 விழுக்காடு 4,20,000 ரூபாய். உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் எனக் கொள்வோம்.

முதல் நிலை: பத்து நாட்களில் ஊர்தி கிடைக்கிறது. சக்கர உறைகள், மின்கலம் ஆகியன இல்லை, கண்ணாடி உடைந்துள்ளது, கதவு நெளிந்துள்ளது. பழுது பார்க்கும் செலவு 80,000 ரூபாய். பகுதிச் சேதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தேய்மானம் உண்டு.

* சக்கர உறைகள்: 20,000 ரூபாய். 50% கழிவு. கிடைப்பது 10,000.
* மின்கலம்: 6,000 ரூபாய். 50% கழிவு. கிடைப்பது 3,000.
* கண்ணாடி: 8,000 ரூபாய். கழிவு இல்லை. கிடைப்பது 8,000.
* உலோக உறுப்புகள்: 30,000 ரூபாய். இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுக்கு 15% கழிவு. கிடைப்பது 25,500.
* கூலி: 16,000 ரூபாய். கிடைப்பது 16,000.

மொத்தம் 62,500 ரூபாய். கட்டாயக் கழிவு போக 61,500 ரூபாய் கிடைக்கும். எஞ்சிய 18,500 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். தேய்மானமற்ற காப்பீடு என்னும் கூடுதல் பாதுகாப்பு இருந்தால், அதன் விதிகளுக்கு உட்பட்டு இச்சுமை பெரிதும் குறையும்.

இரண்டாம் நிலை: ஊர்தி எரிந்தும் உறுப்புகள் கழற்றப்பட்டும் கிடைக்கிறது. செலவு 4,50,000 ரூபாய் என மதிப்பிடப்படுகிறது. இது 4,20,000 ரூபாயை விடக் கூடுதல் என்பதால் ஆக்கமுறை முழு இழப்பு ஆகும். சிதைந்த ஊர்தியை நிறுவனம் எடுத்துக்கொண்டால் உரிமையாளருக்கு 5,59,000 ரூபாய் கிடைக்கும்.

மூன்றாம் நிலை: ஊர்தி கிடைக்கவில்லை. 5,59,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இரண்டு மாதங்கள் கழித்து, கீறல் கூட இல்லாமல் ஊர்தி கிடைக்கிறது. அது இப்பொழுது நிறுவனத்தின் சொத்து.

ஒரே ஊர்தி, ஒரே திருட்டு. ஆயினும் கிடைத்த நாளும் நிலையும் மாறியதால் முடிவும் மாறியது.

நீதிமன்றத்தின் வழி ஊர்தியைப் பெறுதல்

காவல் துறை மீட்ட ஊர்தி, குற்ற வழக்கின் சான்றுப் பொருள் ஆகும். மகசர் எழுதிக் கைப்பற்றப்பட்ட பின், நீதிமன்ற ஆணையின்றி அதை உரிமையாளரிடம் ஒப்படைப்பதில்லை. உரிமையாளர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்து, பதிவுச் சான்றிதழையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் காட்டி, பிணைமுறி எழுதிக் கொடுத்து ஊர்தியை இடைக்காலமாகப் பெறலாம். வழக்கு முடியும் வரை ஊர்தியை விற்கக்கூடாது, நிறத்தை மாற்றக்கூடாது, கேட்கும்பொழுது நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் போன்ற நிபந்தனைகள் விதிக்கப்படலாம்.

இத்துறையில் வழிகாட்டியாக அமைந்தது, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குசராத் மாநிலம் என்னும் வழக்கில் 2002 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஆகும். கைப்பற்றப்பட்ட ஊர்திகளைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் நிறுத்தி வைப்பதால் பயன் இல்லை என்றும், தக்க பிணை பெற்றுக்கொண்டு அவற்றை விடுவிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. உரிமையாளர் கோராத ஊர்தி காப்பீடு செய்யப்பட்டதாயின், நிறுவனத்துக்குத் தெரிவித்து அதை எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். நிறுவனமும் எடுத்துக்கொள்ளாவிட்டால் விற்கலாம் என்றும் அத்தீர்ப்பு வழிவகுத்தது.

இன்று பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 497 ஆம் பிரிவு இதை ஒழுங்குபடுத்துகிறது. சொத்து நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாட்களுக்குள் அதைப் பற்றிய விவர அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். ஒளிப்படமும் தேவையெனில் நிகழ்படமும் எடுக்கப்பட வேண்டும். அதன் பின் 30 நாட்களுக்குள் சொத்தை ஒப்படைப்பது முதலியன குறித்து ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும்.

மீட்கப்பட்ட ஊர்தியைப் பெறும்பொழுது கவனிக்க வேண்டியவை:

* காவல் நிலையத்தில் பார்த்த முதல் நாளிலேயே எல்லாப் பக்கங்களிலும் ஒளிப்படம் எடுத்தல். வெயிலிலும் மழையிலும் நின்றதால் பின்னர் ஏற்படும் பழுது, திருட்டால் ஏற்பட்டதன்று என்று நிறுவனம் மறுக்கக்கூடும்.
* காணாமற்போன உறுப்புகள் மகசரில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல்.
* உயிர்ப்பொறி எண், அடிச்சட்ட எண் ஆகியவற்றைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுதல். அவை அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் தடய அறிவியல் ஆய்வு தேவைப்படலாம். எண்களை மீண்டும் பொறிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.
* சர்வேயர் எனப்படும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் பழுது நீக்கத்தைத் தொடங்காதிருத்தல்.
* சாவிப் பூட்டுகளை மாற்றுதல்.
* காப்பீட்டுக் காலம் முடிந்துள்ளதா என்று பார்த்தல். திருட்டு நடந்த நாளில் காப்பீடு இருந்திருந்தால் கோரிக்கை செல்லும். ஆனால் மீண்டும் சாலையில் ஓட்டுவதற்குப் புதுப்பித்த காப்பீடு வேண்டும்.

மறுப்புக்கான காரணங்களும் தீர்ப்புகளும்

தாமதம்

திருட்டு நடந்ததை நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தது, கோரிக்கைகள் மறுக்கப்படுவதற்குப் பரவலான காரணமாக இருந்துவந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதமான உண்மையான கோரிக்கைகளைத் தாமதம் ஒன்றை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று கூறியது. 2017 இல் உச்ச நீதிமன்றமும் இக்கருத்தை ஒட்டித் தீர்ப்பளித்தது. எனினும் வெவ்வேறு அமர்வுகளின் தீர்ப்புகளுக்கு இடையே முரண்பாடு இருந்தது.

2020 சனவரி 24 அன்று, குர்சிந்தர் சிங் எதிர் சிறீராம் பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்னும் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்குத் தீர்வு கண்டது. திருட்டு குறித்துக் காவல் துறைக்கு உடனே தெரிவிக்கப்பட்டு, நிறுவனத்தின் புலனாய்விலும் திருட்டு உண்மை என்று தெரிந்த பின், நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது. திருடப்பட்ட ஊர்தியைத் தேடும் ஆற்றல் காவல் துறைக்கே உண்டு என்பது இதன் அடிப்படை. இத்தீர்ப்பு 2022 இலும் பின்பற்றப்பட்டது. ஆனால் காவல் துறைக்கே தாமதமாகத் தெரிவித்தவருக்கு இப்பாதுகாப்பு இதே அளவில் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது.

நிபந்தனை மீறல்

தனிப்பயன்பாட்டுக்கெனக் காப்பீடு செய்யப்பட்ட ஊர்தி வாடகைக்கு ஓட்டப்பட்டபோது திருடப்பட்ட வழக்கில், 2008 இல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை முற்றிலும் மறுக்கக் கூடாது என்று கூறி, 75 விழுக்காடு வழங்கும் ஆணையை உறுதி செய்தது. இவ்வாறு குறைத்து வழங்குவது தரமுறைக்கு மாறான தீர்வு எனப்படுகிறது. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு வழி கேட்க இறங்கியபோது சரக்குந்து திருடப்பட்ட வழக்கிலும், 2023 இல் அதே 75 விழுக்காடு வழங்கப்பட்டது.

எல்லா மீறல்களும் இவ்வாறு பார்க்கப்படுவதில்லை. தற்காலிகப் பதிவு காலாவதியான பின் நிலையான பதிவு பெறாமல் ஓட்டப்பட்டு, பிற ஊரில் தங்கியிருந்தபோது திருடப்பட்ட ஊர்திக்கு இழப்பீடு இல்லை என்று 2021 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவின்றி ஊர்தியைப் பொது இடத்தில் பயன்படுத்துவது அடிப்படை மீறல் என்பது அதன் காரணம். புதிய ஊர்தி வாங்குவோர் பதிவை உரிய காலத்தில் முடிக்க வேண்டியதன் தேவையை இது காட்டுகிறது.

முறையீடு

கோரிக்கை மறுக்கப்பட்டாலோ குறைத்து வழங்கப்பட்டாலோ முறையிடும் வழிகள் வருமாறு:

* நிறுவனத்தின் குறைதீர் அலுவலர்: முதலில் இவருக்கே எழுத வேண்டும்.
* பீமா பரோசா: காப்பீட்டு ஆணையத்தின் இணையவழிக் குறைதீர் அமைப்பு.
* காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்: நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் விடையளிக்காவிட்டாலோ இவரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். 2023 இல் இழப்பீட்டு வரம்பு 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது.
* நுகர்வோர் ஆணையம்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

ஆவணங்கள் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஆணையம் 2024 சூன் மாதத்தில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுக்கான முதன்மைச் சுற்றறிக்கையில் கூறியுள்ளது. தேவையான ஆவணங்களைக் காப்பீடு வழங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். கோரிக்கையுடன் நேரடித் தொடர்புடையவற்றை மட்டுமே பின்னர் கேட்கலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் திருட்டு, விரிவான காப்பீடு எனப்படும் பகுதியில் அடங்கும். அங்கு பரவலாகப் பயன்படும் மாதிரிப் பத்திரத்தின்படி, மீட்கப்பட்ட ஊர்தியை நிறுவனம் தன் செலவில் உரிமையாளரிடம் ஒப்படைத்துச் சேதத்துக்கு ஈடு வழங்கலாம். அல்லது மதிப்பை வழங்கி ஊர்தியைத் தானே வைத்துக்கொள்ளலாம். திருட்டு நடந்து 48 மணி நேரத்துக்குப் பின், ஊர்தி மீண்டும் பயன்பாட்டுக்கு வரும் வரை அல்லது இழப்பீடு வழங்கப்படும் வரை, மாற்றுப் பயணச் செலவுக்கு ஓர் அளவு வரை ஈடு தரப்படுகிறது. இந்தியாவின் வழக்கமான பத்திரத்தில் இத்தகைய இடைக்காலச் செலவு அடங்குவதில்லை. சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு இதை வழங்குகின்றன.

இவற்றையும் பார்க்க

* காப்பீடு
* மோட்டார் ஊர்திகள் சட்டம், 1988
* முதல் தகவல் அறிக்கை
* உரிமைப் பதிலீடு
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019

பகுப்புகள்: காப்பீடு | இந்தியச் சட்டம் | போக்குவரத்து